பள்ளி நேரத்தை மாற்றும்போது பெற்றோர் கேட்க வேண்டியது என்ன?

கேள்வி: நாங்கள் குமரி மாவட்டம் கருங்கல் பக்கம். அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் என் மகள் இரண்டாம் வகுப்பும் மகன் ஏழாம் வகுப்பும் படிக்கிறார்கள். இதுவரை எல்லோருக்கும் காலை 9.30 முதல் மாலை 4.10 வரை பள்ளி. போன ஞாயிறு இரவு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்ததாம். திங்கள் முதல் 9.00 மணிக்கே பள்ளி தொடங்கும், ஒன்று முதல் ஐந்து வரை 3.30 மணிக்கும் ஆறு முதல் எட்டு வரை 4.10 மணிக்கும் விடுவார்கள் என்று. செய்தி போனது குவைத்தில் இருக்கும் என் கணவரின் எண்ணுக்கு. அவர் பார்த்தது மறுநாள். அதற்குள் மகள் பள்ளி வாசலில் அண்ணனுக்காக நாற்பது நிமிடம் தனியாக நின்றிருக்கிறாள். நான் முந்திரி ஆலைக்குப் போகிறவள், வீட்டில் மாமியார் மட்டும். எங்களைக் கேட்காமல் நேரத்தை மாற்றலாமா? நாங்கள் எங்கே போய் என்ன கேட்பது?

பதில்: பள்ளி நேரத்தை மாற்றலாம். ஆனால் உங்கள் பள்ளி மாற்றிய விதம் தவறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசினால், தலைமை ஆசிரியர் முதல் பாதிக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். தொடக்கப் பள்ளிகளில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஓர் ஆண்டில் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள், 1000 மணி நேரம். அதாவது உங்கள் மகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணி நேரப் பாடம் நடந்தாலே சட்டம் நிறைவடைந்துவிடும். பழைய நேரப்படி அவள் பள்ளியில் இருந்தது 6 மணி 40 நிமிடம், இப்போது ஆறரை மணி நேரம். மதிய உணவு, இரண்டு இடைவேளை, காலை வணக்கக் கூட்டம் எல்லாவற்றையும் கழித்தாலும் ஐந்து மணி நேரம் அளவுக்குப் பாடத்துக்கு மிஞ்சும். ஆகவே ‘பிள்ளைகளின் படிப்பு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள்’ என்று மனு எழுதாதீர்கள். பத்து நிமிடக் குறைவை வைத்து நடத்தும் வாதம் முதல் கூட்டத்திலேயே தோற்றுப்போகும்.

அடுத்தது, யாரைக் கேட்டு மாற்ற வேண்டும் என்பது. உதவி பெறும் பள்ளியில் தாளாளரும் தலைமை ஆசிரியரும் பேசி முடிவெடுத்தாலும், அதை வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதி அவர் ஒப்புதலோடு நடைமுறைப்படுத்துவதே முறை. கூடவே பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருக்கிறது. சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்வது இது: அந்தக் குழுவில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இங்கே நம் மாவட்டத்துக்கு முக்கியமான ஒரு சிக்கலைக் கவனியுங்கள். 2012இல் வந்த திருத்தத்தின்படி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் மற்ற உதவி பெறும் பள்ளிகளிலும் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே பள்ளி நடத்திய காலம் தொட்டு, குமரியில் திருச்சபைகளும் பிற நிர்வாகங்களும் நடத்தும் பள்ளிகள் ஏராளம். உங்கள் பள்ளியும் அந்த வகைதான். ஆகையால் ‘குழு ஒப்புக்கொள்ளாததால் இந்த மாற்றம் செல்லாது’ என்று நீங்கள் வாதிட முடியாது. ‘ஆலோசனை சொல்ல ஒரு குழு இருக்கிறது, அதைக் கூட்டாமலேயே முடிவெடுத்தது ஏன்?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எந்தத் தலைமை ஆசிரியரும் எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் குழுவின் தீர்மானப் பதிவேட்டை அலுவலர் பார்வையிட வரும்போது எடுத்துக் காட்ட வேண்டியவர் அவர்தான்.

காலை நேர மாற்றத்தை எதிர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சாப்பிட வேண்டுமானால் பிள்ளை எப்படியும் பள்ளி தொடங்குவதற்கு அரை மணிக்கு மேல் முன்னதாக வந்தாக வேண்டும். பள்ளி 9.30 என்றால் சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் மணி அடிக்கும் வரை முற்றத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ள ஆசிரியர் வந்திருக்க மாட்டார். 9.00 மணிக்குத் தொடங்கினால் அந்த இடைவெளி சுருங்கும். காலையில் ஆலைக்குக் கிளம்பும் உங்களுக்கும் அது வசதி. ஒரு குறை மட்டும் உண்டு. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். தங்கையோடு 8.15க்கே கிளம்பி வரும் உங்கள் மகன் வெறும் வயிற்றோடு அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு வீட்டிலேயே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். உங்கள் மாமியாரின் காலை வேலை கூடுவது இந்த இடத்தில்தான். நேரம் மாறும்போது சமையல் செய்யும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களும் இன்னும் முன்னதாக வர வேண்டியிருக்கும். அவர்களிடம் யாராவது சொன்னார்களா என்பதையும் கேட்டுவையுங்கள்.

சில பெற்றோர், ‘தனியார் பள்ளி போல 8.30க்கே தொடங்கிவிடுங்கள்’ என்பார்கள். அதற்குத் தலையாட்ட வேண்டாம். இந்திய நேரம் கணக்கிடப்படுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து. நாம் இருப்பது ஏறக்குறைய 77.5 டிகிரியில். அந்த ஐந்து டிகிரிக்கு இருபது நிமிடம். நம் ஊரில் ஜனவரி கடைசியில் சூரியன் எழும்போதே மணி 6.40 ஆகிவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தையை இருட்டில் எழுப்பிக் குளிப்பாட்டி வேனில் ஏற்றுவது சில வீடுகளில் பெருமையாகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் முதல் பாடவேளையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பதை வகுப்பில் நிற்பவர்கள் அறிவார்கள்.

மாலைதான் உங்கள் பள்ளியின் உண்மையான கோளாறு. சின்னப் பிள்ளைகளைச் சீக்கிரம் விடுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதியம் மூன்று மணிக்கு மேல் எழுத்தும் கணக்கும் ஏறாது. அக்டோபர், நவம்பரில் பிற்பகலில் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும் மழை நமக்குப் புதிதல்ல. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. பேருந்தும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆசிரியர்கள் நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வருகிறவர்களாக இருந்தால், நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்கும் ஆசையும் கால அட்டவணைக்குள் நுழைந்துவிடும். அதை யாரும் சுற்றறிக்கையில் எழுதுவதில்லை.

ஆனால் நடுநிலைப் பள்ளியில் அண்ணன் தங்கைகள் சேர்ந்தே வந்து சேர்ந்தே போகிறார்கள். பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பதுதான் பல வீடுகளின் போக்குவரத்து ஏற்பாடு. 3.30க்கும் 4.10க்கும் நடுவில் அந்தக் கையைப் பிரித்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: சின்னவள் வாசலில் நிற்பாள், தனியாக நடந்து போவாள், அல்லது வேலையில் இருக்கும் ஒருவர் வேலையை விட்டு ஓடி வருவார். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்களுக்குக் கவலை குறைவு. விடியலுக்கு முன்பே போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள். ஆலையில் துண்டுக் கூலிக்கு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும், குளச்சலிலோ முட்டத்திலோ மாலைச் சந்தைக்கு மீன் கூடை சுமக்கும் தாய்க்கும் மாலை மூன்றரை என்பது கூலி ஓடிக்கொண்டிருக்கும் நேரம். தலைமை ஆசிரியர் இதைக் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார். அவர் மேசையில் வகுப்புவாரிப் பட்டியல் இருக்கும், வீட்டுவாரிப் பட்டியல் இருக்காது.

ஆகவே உங்கள் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: 3.30 முதல் 4.10 வரை, அண்ணன் அக்காவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளும் பள்ளிக்குள்ளேயே, ஓர் ஆசிரியரின் பார்வையில் இருக்க வேண்டும். வாசலில் அல்ல, வராந்தாவிலும் அல்ல, ஒரு வகுப்பறையில். பாடம் நடத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கதைப் புத்தகம், படம் வரைதல், கேரம் பலகை போதும். ‘ஆசிரியருக்குக் கூடுதல் சுமை’ என்ற பதில் வரும். அதே சட்டத்தின் அட்டவணை, பாடத் தயாரிப்பையும் சேர்த்து ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலை என்கிறது. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் முறை வைத்து வாரத்துக்கு ஒரு நாள், நாற்பது நிமிடம் இருப்பது அந்தக் கணக்குக்குள் தாராளமாக அடங்கும். இதைச் சண்டையாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னால் பலிக்கும். சிறிய தொடக்கப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள் இருந்தால் நிலைமை வேறு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே விதி. அவர்களில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போன நாளில் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாளிப்பார். அத்தகைய பள்ளியில் கூடுதலாக எதையும் கேட்பதற்கு முன் யோசிக்க வேண்டும். நடுநிலைப் பள்ளியில் அந்த நெருக்கடி இல்லை.

இனி செய்தி அனுப்பிய விதத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கோபம் வருவது இதில்தான். ஞாயிறு இரவு அனுப்பி திங்கள் காலை நடைமுறைப்படுத்துவது அறிவிப்பே அல்ல. அதுவும் யாருடைய எண்ணுக்கு? பிள்ளையைச் சேர்க்கும் நாளில் தந்தையின் கைபேசி எண்ணை, கல்வித் துறை மாணவர் விவரங்களைச் சேர்த்துவைக்கும் எமிஸ் இணையதளத்தில் பதிவார்கள். அதன்பின் அந்த எண் யாரிடம் இருக்கிறது என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குமரியில் அந்த எண் வளைகுடாவில் இருக்கும், தூத்தூர்ப் பக்கம் என்றால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கும், இல்லாவிட்டால் ரீசார்ஜ் செய்யாமல் செத்துக் கிடக்கும். மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பாட்டியிடம் பொத்தான் வைத்த சாதாரண போன் இருக்கும், வாட்ஸ்அப் இருக்காது. பள்ளியின் கணக்கில் செய்தி எல்லோருக்கும் போய்விட்டது, இரண்டு நீலக் குறிகூட விழுந்திருக்கலாம். வாசலில் நிற்கிறவருக்கு மட்டும் தெரியாது.

அதனால் உங்கள் இரண்டாவது கோரிக்கையாக ஒரு தாளைக் கேளுங்கள். ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் ஒரு பட்டியல்: பிள்ளையின் பெயர், காலையில் கொண்டுவிடுபவர், மாலையில் கூட்டிப்போகிறவர், அவருடைய எண், அவர் வாட்ஸ்அப் பார்ப்பவரா, அவசரத்துக்கு அழைக்கப் பக்கத்து வீட்டு எண் ஒன்று. பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு நாளில் முடிகிற வேலை. சங்கடம் ஒன்றும் உண்டு. தந்தை பிரிந்து போன வீடு, அம்மா வேறு ஊரில் வேலை செய்யும் வீடு என்று சில பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே வலிக்கும். எனவே தாளைப் பிள்ளையிடம் கொடுத்து நிரப்பச் சொல்லக்கூடாது, வகுப்பில் உரக்கக் கேட்கவும் கூடாது. ஆசிரியரே பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பள்ளிகள் யோசிக்கவில்லை என்கிறேன். தலைமை ஆசிரியர் மட்டும் செய்தி போடும்படி ஒரு குழு, பெற்றோர் பேசிக்கொள்ள வேண்டுமானால் தனியே வேறொன்று. இல்லாவிட்டால் முக்கியமான அறிவிப்பு, காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் அடியில் புதைந்துவிடும். எழுத்தோடு கூடவே, தலைமை ஆசிரியர் தன் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்பினால் படிக்கத் தயங்குகிறவர்களுக்கும் போய்ச் சேரும். மேற்குப் பகுதிப் பள்ளிகள் சிலவற்றில் மலையாள வழியும் நடக்கிறது. அங்கே அறிவிப்பு இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

கைபேசிக்கு வெளியே நம் ஊரில் இருக்கும் வழிகளைப் பள்ளிகள் மறந்துவிட்டன. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை வாசிக்கும் அறிவிப்பைக் கடற்கரை ஊர்களில் எல்லோரும் கேட்பார்கள். தேவாலயம், கோவில், பள்ளிவாசல் எதுவானாலும் நிர்வாகிகளிடம் சொன்னால் இரண்டு வரி வாசிப்பதற்கு மறுக்க மாட்டார்கள். ரேஷன் கடைச் சுவர் இருக்கிறது. பள்ளி வாசலில் கரும்பலகை இருக்கிறது, அதில் பெரும்பாலும் பழைய திருக்குறள் ஒன்று அழியாமல் கிடக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை, கைபேசியும் வேலை செய்யவில்லை. அப்படி ஒரு வாரத்தில் பள்ளி எப்போது திறக்கும் என்பதை வாய்வழியாகவும் பலகை வழியாகவும்தான் சொல்ல முடியும். எல்லாவற்றிலும் உறுதியானது பழைய முறை: பிள்ளையின் நாட்குறிப்பில் ஒட்டிய துண்டுத்தாள், வீட்டில் ஒருவர் கையொப்பம், மறுநாள் ஆசிரியர் சரிபார்ப்பது. கையொப்பம் வராத வீட்டுக்கு மட்டும் போன் செய்தால் போதும்.

எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? இரண்டு வாரம் கேளுங்கள். ஆலையில் வேலை நேரத்தைப் பேசி மாற்றவும், ஆட்டோக்காரரிடம் சொல்லவும், மாமியாரின் மருத்துவமனை நாளைத் தள்ளிவைக்கவும் அவ்வளவாவது வேண்டும். மழை விடுமுறை போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அதை மாவட்ட ஆட்சியர் முந்தைய இரவிலோ அன்று காலையிலோதான் அறிவிப்பார். அன்று தொலைக்காட்சியில் ஓடும் மாவட்டப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று ஒரு வீடே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளூர் விடுமுறைகளில் வேறொரு குழப்பம். கோட்டார் சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம், கல்லறைத் திருநாள் என்று குமரிக்குத் தனியாக வரும் விடுமுறைகளை ஈடுசெய்ய ஏதாவது ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். விடுமுறை எல்லோருக்கும் நினைவிருக்கும், சனிக்கிழமை யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு தேதியையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். நேராக ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் உங்கள் தலைமை ஆசிரியரிடமே விளக்கம் கேட்டு வரும். அதற்குள் அவர் மனம் கசந்திருக்கும். முதலில் உங்களைப் போல இரண்டு வகுப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து, பள்ளி முடிந்த நேரத்தில் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பிள்ளைகள் எதிரில் பேச வேண்டாம். அடுத்த நாள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். அவரும் உங்களைப் போல ஒரு பெற்றோர்தான். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

‘எங்கள் பிள்ளைகள் பள்ளியில் தொடக்க வகுப்பிலும் உயர் தொடக்க வகுப்பிலும் படிக்கிறார்கள். புதிய நேரப்படி தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 3.30 முதல் 4.10 வரை மேற்பார்வை இல்லாமல் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. காலை நேர மாற்றத்தில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. மாலையில் அந்த நாற்பது நிமிடம் பிள்ளைகளை ஓர் ஆசிரியரின் பொறுப்பில் வகுப்பறையில் இருத்தவும், இனி நேர மாற்றங்களைக் குழுவில் வைத்துப் பேசி இரண்டு வாரம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்கவும், பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோரின் தொடர்பு எண்களைப் புதிதாகப் பதிவுசெய்யவும் கேட்டுக்கொள்கிறோம்.’

கையெழுத்து, தேதி, பிள்ளைகளின் வகுப்பு. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கிவையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே நகலோடு கிள்ளியூர் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நேரில் போக முடியாத நிலை என்றால் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

மனுவுக்குப் பதில் வரும் வரை மகளை வாசலில் நிறுத்த வேண்டாம். மகனின் வகுப்பாசிரியரிடம் பேசி, 3.30க்கு அவள் அண்ணனின் வகுப்பில் கடைசி இருக்கையில் வந்து உட்கார அனுமதி கேளுங்கள். அவள் அமைதியாக இருந்தால் எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார். போகிற கையோடு, எமிஸ் பதிவில் உங்கள் கணவரின் எண்ணுக்குப் பதிலாக உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். ஆலைக்குள் கைபேசியை எடுக்கவிட மாட்டார்கள் என்றால், பகலில் அழைத்தால் எடுக்கக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.